இணையத்தில் குறும்படம் போட்டு இன்னும் பிரயோஜனம் உண்டா?

வாசகர் கேள்வி, 4 ஆகஸ்ட் 2024

"நாளைய இயக்குநர் குறும்படப் போட்டி ஓடிய காலத்தில் யூடியூபில் பத்து நிமிடப் படம் ஒன்றைப் போட்டால் தயாரிப்பாளரே போன் செய்வார் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்துவிட்டார்கள். நண்பர்கள் சேர்ந்து கைக்காசு போட்டு 22 நிமிடத்தில் ஒரு படம் முடித்து வைத்திருக்கிறோம். இப்போது ஏற்றினால் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிறார் எங்கள் எடிட்டர். இணையம்தான் குறும்படத்தின் மேடை என்றதெல்லாம் சும்மாவா?"

4 ஆகஸ்ட், இரவு

எடிட்டர் சொன்னது சரி. நானும் எடிட்டர்தான், நானும் அதையே சொல்லியிருப்பேன். அவருக்குப் பேமென்ட் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள்.

ஆனால் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காலத்தில் தயாரிப்பாளர்கள் போன் செய்தது பெரும்பாலும் யூடியூபைப் பார்த்து இல்லை, அந்தப் போட்டி ஓடிய கலைஞர் டிவியைப் பார்த்து. நாளை விரிவாக எழுதுகிறேன்.

5 ஆகஸ்ட்

நாளைய இயக்குநர் 2009 வாக்கில் தொடங்கியது. நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன், ராம்குமார், பிறகு நித்திலன் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள். 2012-இல் பீட்சா, 2013-இல் சூது கவ்வும், நேரம், 2014-இல் முண்டாசுப்பட்டி. நேரமும் முண்டாசுப்பட்டியும் அதே பெயரில் முதலில் குறும்படங்களாக வந்தவை. விஜய் சேதுபதி அந்தக் குறும்படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பட்டியல்.

பட்டியல் போடுகிறவர்கள் விட்டுவிடுவது அந்த நிகழ்ச்சி எப்படி நடந்தது என்பதை. கெடு இருந்தது, நேர வரம்பு இருந்தது. எதிரே நடுவர்கள் உட்கார்ந்து, இந்த இடத்தில் இழுக்கிறது, இந்த முடிவு ஒட்டவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அடுத்த சுற்றுக்கு அதே ஆள் வேறு படத்தோடு வந்தாக வேண்டும். ஒரு தயாரிப்பாளருக்கு வேண்டிய தகவல் இதுதான்: இவன் சொன்ன தேதிக்கு முடிப்பானா, திட்டினால் திருத்துவானா. ஒரே ஒரு நல்ல படம் இதைச் சொல்லாது. தொடர்ந்து நாலு படம் சொல்லும்.

யூடியூப் அங்கே செய்தது, ஒளிபரப்பானதைக் காணாமல் போகாமல் வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறவிட்டதைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் பார்த்தார்கள். சின்ன வேலை இல்லைதான், ஆனால் யாரைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தது யூடியூப் இல்லை.

5 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

பாலாஜி மோகனைப் பொதுக்கணக்கில் சேர்த்தது முழு நியாயம் இல்லை. காதலில் சொதப்புவது எப்படி குறும்படம் உண்மையிலேயே இணையத்தில் கைமாறிக் கைமாறிப் பரவியது. சித்தார்த் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். 2012 பிப்ரவரியில் தமிழிலும் தெலுங்கிலும் முழுப் படமாக வெளியானது. அந்த ஒரு கதையைத்தான் ஊர் முழுக்க விதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

9 ஆகஸ்ட்

"உருகுவேயில் ஒருவர் முந்நூறு டாலரில் படம் எடுத்து யூடியூபில் போட்டு ஹாலிவுட் போனாரே" என்று ஒரு நண்பர் கேட்கிறார். ஆமாம், ஃபெடே ஆல்வாரெஸ். 2009 நவம்பரில் ஏற்றினார். தலைநகர் மோன்டெவிடியோவை ராட்சத ரோபோக்கள் அடித்து நொறுக்கும் சில நிமிடப் படம். ஹாலிவுட்டிலிருந்து உடனே அழைப்பு வந்தது, 2013-இல் ஈவில் டெட் மறு ஆக்கத்தை இயக்கினார். மறுக்கவே முடியாத உதாரணம். ஆனால் அதில் பார்க்க வேண்டியது கதையை இல்லை, கிராஃபிக்ஸை. இந்தக் காசுக்கு இவ்வளவு செய்கிறானே என்பதுதான் அங்கே செய்தி.

இன்னொரு உதாரணம் ஸ்வீடனின் டேவிட் சாண்ட்பெர்க். மூன்று நிமிடம்கூட இல்லாத லைட்ஸ் அவுட், 2013. விளக்கை அணைத்தால் ஓர் உருவம், போட்டால் இல்லை, அவ்வளவுதான். 2016-இல் முழுப் படம் ஆனது. அதுவும் ஒரு திகில் குறும்படப் போட்டிக்காக எடுக்கப்பட்டது. கிளறிப் பார்த்தால் பல இடங்களில் இப்படி ஒரு போட்டி, ஒரு நடுவர், ஒரு கெடு கிடக்கும்.

யூடியூபுக்கு முன்பே இணையத்தில் குறும்படம் இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1998-இல் சியாட்டிலில் ஆட்டம்ஃபிலிம்ஸ் தொடங்கியது. அவர்கள் குறும்படங்களைத் தேர்ந்தெடுத்து, உரிமை வாங்கி, டிவிக்கும் விமானங்களுக்கும்கூட விற்றார்கள். டயல்-அப் காலத்தில் தபால்தலை அளவு சன்னலில் படம் ஓடும். தரம் கேவலம். ஆனால் வாசலில் ஓர் ஆள் நின்று இதை உள்ளே விடலாம், இதை வேண்டாம் என்று சொன்னார். 2005-இல் யூடியூப் வந்து அந்த ஆளைத் தூக்கிவிட்டது. நமக்கெல்லாம் கொண்டாட்டம். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அப்படியே எல்லோரும் வந்துவிட்டோம்.

10 ஆகஸ்ட்

சிலருக்கு நினைவிருக்கும்: 2006 முதல் 2010 வரை யூடியூபில் சாதாரணக் கணக்குக்குப் பத்து நிமிடம்தான் உச்சவரம்பு, 2010 ஜூலையில் பதினைந்து ஆக்கினார்கள். அதனால்தான் பழைய தமிழ்க் குறும்படங்கள் பார்ட் 1, பார்ட் 2 என்று கிடக்கின்றன. நான் எடிட் செய்த ஒன்றில் பார்ட் 1 சரியாகக் கன்னத்தில் அறை விழும் முன்னால் முடியும். அது சஸ்பென்ஸ் என்று பாராட்டினார்கள்.

17 ஆகஸ்ட்

ஏன் பார்க்க மாட்டார்கள் என்று எடிட்டர் சொல்கிறார் என்பதை ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். 14 நிமிடம். ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவர் கரண்ட் போன ராத்திரியில் பக்கத்து வீட்டுக்கு ஃபியூஸ் போடப் போகிறார். அந்த வீட்டோடு அவருக்குப் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. கதை அவ்வளவுதான்.

முதல் ஒன்றேகால் நிமிடம் இருட்டு. மழை, டார்ச் வெளிச்சம், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமும் சத்தம். பிரசாத் லேப் ப்ரிவியூ தியேட்டரில் போட்டபோது அந்த இருட்டில் ஒருவரும் அசையவில்லை. அந்த இருமல் இடது பக்க ஸ்பீக்கரிலிருந்து வந்ததும் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். சவுண்ட் செய்த பையனுக்கு அன்றைக்கு அதுவே சம்பளம்.

பிறகு யூடியூபில் ஏற்றினோம். இருட்டு முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது. போன் ஸ்பீக்கரில் மழை, டிவி சிக்னல் போன இரைச்சல் மாதிரிக் கேட்டது. இருமல் கேட்கவே இல்லை. வசனம் முணுமுணுப்பு. பார்வையாளர் எங்கே விலகுகிறார் என்று யூடியூப் ஸ்டுடியோ ஒரு கோடு போட்டுக் காட்டும், தெரியும் இல்லையா? அந்தக் கோடு தயாரிப்பு நிறுவன லோகோவில் சரிந்தது, 'நன்றி' கார்டில் மேலும் சரிந்தது, இருட்டில் தரைக்கே வந்துவிட்டது. டார்ச் முகத்தில் அடிக்கும் இடம்வரை வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வந்தவர்கள் கடைசிவரை பார்த்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். கோடு அதற்கப்புறம் படுக்கைவசத்தில் நேராகப் போகிறது.

இயக்குநர் இன்னொரு கட் கேட்டார். கரண்ட் போகும் நொடியில் தொடக்கம், லோகோ கிடையாது, மழையைக் குறைத்து இருமலைத் தூக்கி நடுவில் வைத்தோம். பார்த்தவர்கள் கூடினார்கள். அது மோசமான கட் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வேறு படம். பேச்சில்லாத இரண்டு வீடுகள் என்ற விஷயம் போய், ஃபியூஸ் போடுவாரா மாட்டாரா என்றாகிவிட்டது.

18 ஆகஸ்ட்

எடிட்டர்கள் சிலர் கேட்டதால் இரண்டு நடைமுறைக் குறிப்பு.

1080-இல் எடுத்த படத்தையும் 4கே ஆகப் பெரிதாக்கி ஏற்றுங்கள். பெரிய அளவுக்கு யூடியூப் தரும் கோடெக்கும் (படத்தைச் சுருக்கும் முறை) பிட்ரேட்டும் (நொடிக்கு ஒதுக்கும் தரவு) வேறு, இருட்டுக் காட்சி அவ்வளவாக உடையாது. சத்தம்: -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் போனால் யூடியூப் தானே குறைக்கும், அதற்குக் கீழே இருந்தால் கூட்டித் தராது. தியேட்டருக்காக அடக்கிச் செய்த மிக்ஸை அப்படியே ஏற்றினால் விளம்பரம் அலறும், உங்கள் ஹீரோ கிசுகிசுப்பார். போனுக்கென்று தனி மிக்ஸ் போட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த லோகோக்கள். ஐந்து பேர் சேர்ந்து எடுத்த ஆறு நிமிடப் படத்துக்கு நாலு நிறுவன லோகோ. அதில் ஒன்று சிங்கம் மாதிரி கர்ஜிக்கிறது.

19 ஆகஸ்ட்

காசு வருமா என்று கேட்ட நண்பருக்கு. விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1000 சப்ஸ்கிரைபர், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை வேண்டும். 2018-இல் வந்த விதி. 14 நிமிடப் படத்துக்குக் கணக்குப் போடுங்கள்: 17,000-க்கு மேற்பட்டவர்கள் முதல் லோகோவிலிருந்து கடைசி நன்றிவரை பார்க்க வேண்டும், அதுவும் ஒரே வருஷத்துக்குள். அது வாசல்தான். உள்ளே போனபின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. வருஷத்துக்கு ஒரு படம் எடுக்கிறவருக்கு அந்த வாசலே எட்டாது. வாரம் இரண்டு வீடியோ போடும் சமையல் சேனலுக்குப் பொருந்தும் விதி இது.

படத்தில் டீக்கடை வருகிறதா, ரேடியோவில் பழைய பாட்டு ஓடுகிறதா? போச்சு. 2007-லிருந்து யூடியூபில் கன்டென்ட் ஐடி இருக்கிறது, யாருடைய பாட்டு என்று தானே கண்டுபிடிக்கும் கருவி. ஏற்றி முடிப்பதற்குள் பாட்டின் உரிமையாளருக்குத் தெரிந்துவிடும், வருகிற கொஞ்சக் காசும் அங்கே போகலாம். டீக்கடையில் ரேடியோ ஓடவிடாதீர்கள், கிரிக்கெட் கமென்ட்ரியும் வேண்டாம். நண்பனைப் பாடச் சொல்லுங்கள், சொந்த மெட்டில்.

எட்டு நிமிடத்துக்கு மேல் இருந்தால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். 2020 ஜூலை வரை அது பத்து நிமிடமாக இருந்தது. ஏழு நிமிடக் கதைகள் எட்டேகால் நிமிடத்துக்கு ஏன் இழுபடுகின்றன என்று இனிக் கேட்காதீர்கள்.

1 செப்டம்பர்

"பெரிய சேனலுக்குக் கொடுத்துவிட்டால்?" கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. சேனல் பெயரை எழுத மாட்டேன். படத்தை வாங்கிக்கொண்டார்கள், காசு கிடையாது, உரிமை ஐந்து வருஷம் அவர்களுக்கு. நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி மொட்டை மாடியில் பழைய டிரான்சிஸ்டரைப் பழுது பார்க்கும் படம். அவள் குனியும் அரை நொடியைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, 'கணவன் இல்லாத நேரத்தில்' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டார்கள். அந்தப் படத்தில் கணவன் என்ற பாத்திரமே கிடையாது. அவள் கல்யாணமே ஆகாதவள்.

லட்சக்கணக்கில் பார்வை. கீழே கருத்துகளில் பாதி 'ஏமாத்திட்டீங்க'. ஒருவர் மட்டும் டிரான்சிஸ்டரில் சோல்டரிங் பிடித்த விதம் தப்பு என்று நாலு பத்தி எழுதியிருந்தார். அந்த மனுஷன் ஒருவர்தான் படத்தைப் பார்த்திருக்கிறார். நடித்த பெண்ணின் வீட்டில் என்ன ஆனது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் அதற்கப்புறம் நடிக்கவில்லை.

3 செப்டம்பர்

ஓடிடி வாங்காதா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. வாங்கினார்கள், ஆந்தாலஜி என்ற பெயரில், பல குறும்படங்களை ஒரே தொகுப்பாக. 2020-இல் புத்தம் புது காலை, பாவக் கதைகள், 2021-இல் நவரசா. இயக்குநர்கள் பெயரைப் பாருங்கள், கிட்டத்தட்ட எல்லோரும் முழுநீளப் படம் எடுத்து நிலைத்தவர்கள். குறும்படத்துக்கு விலை கிடைத்த அந்த ஒரு பொழுதில் புதியவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. அதே 2020 மே மாதம் ஊரடங்கில் கௌதம் மேனன் கார்த்திக் டயல் செய்த எண் என்ற குறும்படத்தை ஐபோனில் எடுக்கவைத்து யூடியூபில் போட்டார், தமிழ்நாடே பார்த்தது. பார்த்தது விண்ணைத்தாண்டி வருவாயாவின் கார்த்திக்கையும் ஜெஸ்ஸியையும்.

16 அக்டோபர்

நேற்றிலிருந்து யூடியூப் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம்வரை போகலாமாம். "இனிமேல் இதுதான் குறும்படம்" என்று காலையிலிருந்து மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

செங்குத்துச் சட்டத்தில் எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு முகம், ஒரு கதவு, ஒரு மாடிப்படி இதற்கெல்லாம் அந்தச் சட்டம் அழகாக உட்காரும். என் பிரச்சினை வேறு. ஷார்ட்ஸை யாரும் தேடிப்போய்ப் பார்ப்பதில்லை, அது கட்டைவிரலுக்கு அடியில் தானாக வந்து விழுகிறது. முடிந்ததும் ஒரு நொடி மௌனம் கிடைப்பதில்லை, அடுத்தது தொடங்கிவிடுகிறது. லைட்ஸ் அவுட்டும் மூன்று நிமிடத்துக்குள்தான். ஆனால் அதன் கடைசி நொடிக்கப்புறம் ஒரு இட்லி மாவு ரீல் வந்தால் பயம் எங்கே நிற்கும்?

சின்னப் படத்துக்குக் காசு கொடுப்பார்கள் என்று நம்பிய க்விபி என்ற அமெரிக்க ஓடிடியையும் நினைத்துப் பாருங்கள். 175 கோடி டாலர் திரட்டி, பத்து நிமிடத்துக்குள் அத்தியாயம், போனில் மட்டும் பார்க்கலாம் என்று 2020 ஏப்ரலில் தொடங்கினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் கடையை மூடிவிட்டார்கள். காசு போதாததால் இல்லை.

20 அக்டோபர்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "அண்ணை, உங்களுக்கு டிவி இருந்தது, ப்ரிவியூ தியேட்டர் இருக்குது. எங்களுக்கு யூடியூபை விட்டால் வேற என்ன இருக்குது?"

நியாயம். நான் கோடம்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன். சினிமாத் தொழில் பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் குறும்படம் ஒரு விசிட்டிங் கார்டு. அந்தத் தொழில் இல்லாத ஊரில் குறும்படமே படம். அங்கே எடுத்ததை டொராண்டோவிலும் பாரிஸிலும் இருக்கிற மாமா சித்தி எல்லாம் அன்றிரவே பார்க்கிறார்கள் என்றால், அந்தப் பார்வையாளர்களை வேறு எதுவும் சேர்த்துத் தந்திருக்காது. என் ஒன்றேகால் நிமிட இருட்டை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்றுகூடத் தோன்றுகிறது. யாருடைய வீட்டுச் சுவர் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் தம்பி, அங்கேயும் என் பழைய கேள்வி இருக்கிறது. இந்த மாதம் பார்க்க வேண்டிய மூன்று படம் எது என்று உங்கள் ஊரில் யார் சொல்கிறார்கள்?

22 அக்டோபர்

"யார் சொல்ல வேண்டும்? நீங்களா?" என்று கோபமாக ஒருவர். சொல்கிறேன், காசு கொடுத்தால்.

விளையாட்டு இல்லை. விமியோ என்ற வீடியோ தளத்தில் 2008-லிருந்து ஸ்டாஃப் பிக்ஸ் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பது. ஷார்ட் ஆஃப் தி வீக் தளம் 2007-லிருந்து அதையே செய்கிறது. அந்தச் சின்ன முத்திரை இருந்தால் உலகத்தில் எங்கோ ஒரு தயாரிப்பாளர் 15 நிமிடம் ஒதுக்குகிறார். தமிழில் தமிழ் ஸ்டுடியோ என்ற அமைப்பு மாதாமாதம் குறும்பட வட்டம் நடத்தியது, படம் போட்டு, எடுத்தவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். அது அரங்கத்தில் நடந்தது. அதை இணையத்துக்கு யாரும் கொண்டுவரவில்லை. நம்மிடம் படம் விமர்சனம் செய்கிற சேனல்கள் எத்தனையோ இருக்கின்றன, வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்து தியேட்டர் வாசலிலேயே தொடங்கிவிடுகிறார்கள். வாரம் ஒரு குறும்படத்தைப் பற்றிப் பேசத்தான் யாரும் இல்லை, பேசினால் பார்வை வராது என்பதுதான் காரணம். அதே கோடு, அதே சரிவு.

11 நவம்பர்

பிரதீப் ரங்கநாதனை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கிறார்கள். விடவில்லை, அது எனக்குப் பிடித்த உதாரணம். அப்பா லாக் குறும்படம் யூடியூபில் இருந்தது. அதற்கப்புறம் 2019-இல் கோமாளி. அதன் பிறகுதான், 2022-இல், பழைய குறும்படத்தின் கருவை எடுத்து லவ் டுடே செய்தார். அதாவது குறும்படம் அங்கேயே பல வருஷம் கிடந்து, எடுத்தவருக்கே திரும்ப உதவியிருக்கிறது. இன்றைக்குப் பார்வை வரவில்லை என்று படத்தை அழித்துவிடுகிற பையன்களுக்கு இதைச் சொல்லுங்கள். நான் எடிட் செய்தவற்றில் பல இப்போது இணையத்தில் இல்லை, எடுத்தவர்களே நீக்கிவிட்டார்கள். கூச்சமாம். சிலவற்றின் ஹார்ட் டிஸ்கும் செத்துவிட்டது.

12 ஜனவரி 2025

முதலில் கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார். படம் இன்னும் ஏற்றவில்லையாம், என்ன செய்யட்டும் என்கிறார்.

ஏற்றாதது நல்லது. பல விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிற படத்தை எடுப்பதில்லை. முதலில் விழாக்களுக்கு அனுப்புங்கள், இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கக்கூடிய அன்லிஸ்டட் யூடியூப் இணைப்போ கடவுச்சொல் போட்ட விமியோ இணைப்போ போதும். கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் 'சிறந்த இயக்குநர்' சான்றிதழ் அனுப்பும் விழாக்களுக்குக் காசு கட்டாதீர்கள். இலை வளையம் போட்ட போஸ்டரைப் பார்த்து இப்போது யாரும் மயங்குவதில்லை. ஆங்கில சப்டைட்டிலைத் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்யுங்கள். ஒரு வருஷம் கழித்து உங்கள் சொந்தச் சேனலில், நேர்மையான தம்ப்நெயிலோடு, லோகோவைக் கடைசிக்குத் தள்ளி ஏற்றுங்கள்.

அதற்குள் அடுத்த படத்தை எடுங்கள், கெடு வைத்து. 22 நிமிடம் வேண்டாம், பத்துக்குள். எங்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது, எடிட்டர்கள், ஒலிக்காரர்கள், இரண்டு உதவி இயக்குநர்கள். மாதக் கடைசி ஞாயிறு ஒரு படத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்போம், போன் இல்லாமல், லேப்டாப்பில், ஹெட்போன் போட்டு. அப்புறம் ஒரு மணி நேரம் திட்டுவோம். உங்கள் 22 நிமிடத்தை அனுப்பினால் பிப்ரவரிக்கு வைக்கலாம். எடிட்டரையும் கூட்டி வாருங்கள், பேமென்ட் கொடுத்த பிறகு.